ராக்காயிக்கு ஒரு ஸ்டார்

பூஜ்யம் போட வழியில்லை. அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். ஒரு ஸ்டாருக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றது போன்.

இலுப்பூர் கல்யாண மகாலின் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். மகள் இனியாவுக்குக் காதுகுத்து முடிந்து எல்லோரும் வேனில் ஏறிவிட்டார்கள். எனக்குத்தான் கோபம் இன்னும் இறங்கவில்லை.

கோபம் சும்மா வருமா? தாய்மாமன் சீர்த்தட்டோடு வாசலில் நிற்கும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. முதல் பந்தி எழுந்து கை கழுவப் போனால் குழாயில் காற்று வருகிறது. மச்சினன் வீட்டார் கறிச்சோறு தின்ற கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

மேனேஜர் உதயசூரியனிடம் ஓடினேன்.

"சின்ன விசேசந்தானே சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எங்கள் வீட்டில் நடந்த முதல் விசேஷம். மானம் கப்பலேறிவிட்டது.

அதில் பாதியையாவது இறக்கிக் கொடுத்தவர் ராக்காயி அக்கா. மகாலைக் கூட்டிப் பெருக்குகிறவர். யாரும் சொல்லாமலே தெருமுனை அடிபம்பில் தண்ணீர் அடித்து, குடம் குடமாக இடுப்பில் சுமந்து வந்து, ஒவ்வொருவர் கையிலும் ஊற்றினார்.

கிளம்பும்போது அவர் கையில் ஏதோ கொடுக்கப் போனேன். வாங்கவில்லை.

"காசு வேணாந் தம்பி. போன்ல எழுதுவீங்கள்ல, அதுல எம் பேரப் போட்டு ரெண்டு வார்த்த எழுதிவிடுங்க. பேரு வந்தா வேலைய நெரந்தரமாக்குறேன்னு மொதலாளி சொல்லியிருக்காரு."

முதலாளி துபாயில் இருக்கிறார். மகாலை அவர் பார்ப்பதெல்லாம் போனில்தான்.

அக்காவுக்காக ஐந்து போட்டுவிடலாமா என்று ஒரு கணம் விரல் போனது. ஐந்து போட்டால் அந்த உதயசூரியன் அல்லவா காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான்? முடியாது.

ஒன்றை அமுக்கினேன். நிறுத்தி நிதானமாக எழுதினேன்.

'கரண்ட் இல்லை. தண்ணீர் இல்லை. மரியாதை இல்லை. ஒரு ஸ்டார்கூடத் தகாது. இந்த ஒன்றும் ராக்காயி அக்காவுக்காக மட்டுமே.'

இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. அவனுக்கு உதையும் ஆச்சு, அக்காவுக்குப் பேரும் ஆச்சு.

வேன் கீரனூரைத் தொடுவதற்குள் பதில் வந்துவிட்டது. முதலாளியே எழுதியிருந்தார்.

'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம். தங்கள் புகாரை எங்கள் மேனேஜர் உதயசூரியன் உடனே விசாரித்தார். தாங்கள் குறிப்பிட்ட ராக்காயி என்ற ஊழியர் இன்றே வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த விசேஷத்துக்கும் எங்கள் மகாலுக்கே வாருங்கள்.'