அந்தக் கடைச் சாப்பாடு

"அந்தக் கடையில போயா சாப்பிடறீங்க? அய்யய்யோ, உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த டெய்லரம்மா கதவைத் திறந்ததும், எதிர்வீட்டு டீச்சர் கேட்ட முதல் கேள்வியே இதுதான். ரிட்டயர் ஆகி எவ்வளவோ காலமாகியும், அந்தக் கட்டடத்தில் யார் தும்மினாலும் டீச்சருக்குத் தெரிந்தாக வேண்டும். குடியிருப்போர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவி.

"எந்தக் கடை டீச்சர்?"

"அதான், நம்ம கட்டடத்துக்குக் கீழயே இருக்கே."

டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அலை கூடச் சத்தம் போடாத வளைகுடாக் கரை அது. வந்த வாரமே நல்ல சாப்பாடு தேடி அவள் தெருத்தெருவாக அலைந்துவிட்டாள். படகுத்துறை ஓட்டலில், தனியாக வரும் பொம்பளைக்கு ஜன்னலோர மேஜை கிடையாதாம். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வைத்த மீன் துண்டு பூனைக்குக் கூடக் காணாது. பஸ் ஸ்டாப் பேக்கரியில் ரொட்டியைக் கடித்தால் பல்லுக்குத்தான் சேதம். இனி பட்டினிதான் என்று திரும்பியபோதுதான் வீட்டுக்குக் கீழேயே இருந்த கடை கண்ணில் பட்டது.

சின்னக் கடை. சுடச்சுடச் சோறு, பருப்பு, பொரித்த மீன். கடைக்காரம்மா அவளைப் பார்த்ததும் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். பிறகு, அவளுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தவளாக, பானையில் அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டி அவள் தட்டில் வைத்தாள். அன்றிலிருந்து டெய்லரம்மாவுக்கு இரண்டு வேளையும் அங்கேதான்.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "அவ ஜெயில்லேர்ந்து வந்தவ!"

"இருக்கட்டுமே டீச்சர். சோறு நல்லா இருக்கு."

"என்னத்த இருக்கட்டும்? என் தம்பி அந்தப் பக்கம் பஸ் ஓட்டறான். ஜெயில் வாசல்லேர்ந்து அவ துணிப்பையோட வெளிய வந்ததக் கண்ணால பார்த்திருக்கான். ஆமா, உங்களுக்கு அவள முன்னாடியே தெரியுமாமே?"

"தெரியும். ரொம்ப வருஷம் அவங்க சமையலத்தான் சாப்பிட்டேன்."

"அடக் கடவுளே, உங்க வீட்டுச் சமையல்காரியா! நகை நட்டெல்லாம் பத்திரமா இருக்கா, பார்த்தீங்களா?"

டெய்லரம்மாவுக்குச் சுருக்கென்றது. பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் டீச்சர் விட்டால்தானே?

"உங்கள மாதிரி மரியாதைப்பட்டவங்க அங்க போய் உட்காரலாமா? சங்கத்துக்கு உங்களத்தான் செயலாளரா போடலாம்னு இருக்கோம்."

மரியாதைப்பட்டவங்க! இந்த ஊரில் எல்லாரும் அவளை வாங்க, போங்க என்றுதான் கூப்பிட்டார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது. அதை இழக்கத் துணிச்சல் வரவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

மூடியது பேச்சுக்குத்தான், சாப்பாட்டுக்கு இல்லை. மறுநாளிலிருந்து வேண்டுமென்றே வாசலோர மேஜையில், போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்கும்படி உட்கார்ந்து சாப்பிட்டாள். டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால், இன்னொரு மீன் கேட்டு வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர் கட்டடத்தின் சொந்தக்காரரையே கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இவளக் காலி பண்ணச் சொல்லுங்க. இல்லேன்னா நாங்க எல்லாரும் காலி பண்றோம்."

சொந்தக்காரர் பாவம், சண்டை சச்சரவுக்குப் பழக்கமில்லாத மனுஷர். தலையைச் சொறிந்தார். "ஏம்மா, ஜெயில் அது இதுன்னு சொல்றாங்களே, நெஜமா? இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, நான் பார்த்துக்கறேன்."

கடைக்காரம்மா வாயைத் திறந்தாள். டெய்லரம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"சாயந்திரம் சாவியக் குடுத்துடறேங்க" என்றாள்.

"பார்த்தீங்களா? வாயே திறக்க முடியல!" என்றார் டீச்சர்.

"எதுக்குக்கா சாவியக் குடுக்கணும்?" டெய்லரம்மா குறுக்கே புகுந்தாள். "உள்ளதச் சொல்ல வேண்டியதுதானே?"

"நீ பேசாம சாப்பிடு. மீன் ஆறுது."

"கொழுப்பப் பாருங்க! டெய்லரம்மாவப் போய் 'நீ'ன்னு கூப்பிடறா!" என்றார் டீச்சர்.

டெய்லரம்மா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். தன்னைக் காப்பாற்றத்தான் அக்கா பிழைப்பையே விடுகிறாள் என்பது கூடவா அவளுக்குப் புரியாது? இத்தோடு இந்த ஊரும் போச்சு. போனால் போகட்டும். பயந்து பயந்து சாப்பிட்டது போதும்.

"டீச்சர், உங்க தம்பி பார்த்தது நெஜம்தான்" என்றாள்.

டீச்சரின் முகம் மலர்ந்தது. "இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே!"

"தினமும் வேலை முடிஞ்சா பையை எடுத்துட்டு அவங்க அந்த வாசல் வழியாத்தான் வெளிய வருவாங்க. அங்க மாசச் சம்பளத்துக்குச் சமையல் வேலை பார்த்தவங்க அவங்க."

"அப்போ... அங்க இருந்த சமையல்காரியோட சாப்பாட்ட, நீங்க எப்படி ரொம்ப வருஷம்..."

"கைதி வேற எங்க போய்ச் சாப்பிடறதாம்? தட்ட ஏந்திக்கிட்டு வரிசையில நின்னவ நான்தான். காலி பண்ணச் சொல்றதா இருந்தா என்னைச் சொல்லுங்க, பார்க்கலாம்!"