இரண்டு சிவப்பு ஒயர்கள்

ஹாரனை அழுத்தினார்.

ஹாரன் அடிக்கவில்லை. இடது இண்டிகேட்டர் எரிந்தது.

கையை எடுத்தார். அணைந்தது. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் எரிந்தது.

ஹாரனுக்குச் சிவப்பு, இண்டிகேட்டருக்குப் பச்சை. நேற்று அவர் கையாலேயே கொடுத்த இணைப்பு. குனிந்து பார்த்தார். ஹாரனில் சிவப்பு ஒயர்தான் இருந்தது. ஆனால் அது வேறெங்கிருந்தோ வந்தது.

யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், பெட்டி பெட்டியாக வந்திறங்கிய கார் அது. சேஸிஸ், எஞ்சின், ஃபைபர் உடம்பு எல்லாம் தனித்தனியாக வந்தன. அவரும் மச்சினன் நவநீதனும்தான் மாட்டினார்கள். ஒயரிங் மட்டும் அவர் தனியாகச் செய்தார்.

அதில்தான் நவநீதனுக்கு மனத்தாங்கல்.

"ஒயரிங்க எலக்ட்ரீசியன்கிட்ட விட்ரலாமுங்க மச்சான். உங்களுக்கு உடம்பு வேற சரியில்ல" என்றான்.

அவர் கேட்கவில்லை. காசநோய்க்கு மாத்திரை விழுங்குகிறவனுக்குக் கை நடுங்கும் என்று நினைக்கிறானா?

கொட்டகையின் இன்னொரு சாவி நவநீதனிடம் இருந்தது.

ஹாரனைச் சரிசெய்தார். அடுத்த முறை பிரேக்கை மிதித்தால் ரிவர்ஸ் விளக்கு எரிந்தது. அதையும் சரிசெய்தார். ஓரக்கண்ணால் நவநீதனைக் கவனித்தார். அவன் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். சினிமாப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தான்.

இவ்வளவு நிம்மதியாக இருக்கிறானே.

பிறகு ஒருநாள் சாவியைத் திருப்பியதும் சீட்டுக்குப் பின்னால் புகை வந்தது.

பாய்ந்து போய் பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். விரல் வெந்தது. பெட்ரோல் பம்புக்குப் போகவேண்டிய ஒயர், எர்த்தில் முறுக்கப்பட்டிருந்தது. ஒரு சாண் தள்ளி பெட்ரோல் குழாய்.

கருகிய ஒயரை அறுத்துப் பானெட்டின் மேல் போட்டார்.

நவநீதன் வந்ததும் கையை நீட்டினார்.

"சாவியைக் குடு."

"ஏனுங்க மச்சான்?"

"குடுன்னா குடு. இனிமே இந்தப் பக்கம் வராத. என்னக் கொல்லப் பாத்தியா?"

நவநீதன் கருகிய ஒயரைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். சாவியை பானெட்டின் மேல் வைத்துவிட்டுப் போனான். பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

பூட்டையே மாற்றினார். ஒரே சாவி. அதுவும் அவர் அரைஞாணில்.

மறுநாள் காலை வைப்பரைப் போட்டார்.

வைப்பர் அசையவில்லை. கண்ணாடியில் தண்ணீர் பீச்சியது.

வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சமையலறையில் சுகுணா பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. தான் குளிக்கும்போது சாவியை மட்டும் கழற்றி வைப்பது அவருக்கு நினைவுக்கு வந்தது.

அவனுக்கு அக்கா அல்லவா.

"சுகுணா!"

ஈரக் கையோடு வந்தாள்.

"உன் தம்பி வந்தானா?"

"இல்லைங்களே. கூப்பிட்டாக்கூட போனை எடுக்க மாட்டேங்கறான்."

இரண்டு ஒயர் நுனிகளை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"ரெண்டு சிவப்பு ஒயர். இங்க ஒரு சிவப்புதான் நான் போட்டேன். இன்னொண்ண யாரு போட்டா?"

அவள் ஒயரைப் பார்த்தாள். அவர் விளையாடுகிறாரா என்று பார்த்தாள்.

"இதுல ஒண்ணு பச்சைங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. தம்பியைக் காப்பாற்ற இவ்வளவு கூசாமல் ஒரு பொய்.

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். உள்ளே போய் மிளகாய் முறத்தை எடுத்து வந்தாள். செடியிலேயே பழுத்ததும் பழுக்காததும் கலந்து கிடந்தன.

"பழத்தை மட்டும் பொறுக்குங்க."

வெடுக்கென்று முறத்தை வாங்கினார். ஒன்றை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

எல்லாம் ஒரே சேற்று நிறம்.

தடவிப் பார்த்தார். நசுங்கியதைப் பழம் என்று ஒதுக்கினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்ததும் நிறுத்தினார்.

அன்றைக்கே நவநீதனை வரவழைத்தவள் சுகுணாதான். பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டாள். அவன் தன் பழைய வேனோடு வந்தான். அவருக்கு முன்கதவைத் திறந்துவிட்டான்.

கண் மருத்துவர் புள்ளி புள்ளியாக நிறங்கள் நிரம்பிய அட்டைகளை நீட்டினார். அவற்றில் எண்கள் ஒளிந்திருக்கின்றனவாம். அவருக்கு ஓர் எண்ணும் தெரியவில்லை. பிறகு மருத்துவர் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். ஒன்றின் மேல் பேனாவால் கோடு போட்டார்.

"இந்த மாத்திரை சிலருக்குக் கண் நரம்பைத் தாக்கும். இன்னையோட நிறுத்துங்க. உங்க டி.பி. டாக்டர்கிட்ட நான் பேசி வேற எழுதச் சொல்றேன். சீக்கிரமே வந்துட்டீங்க. நிறம் பெரும்பாலும் திரும்பி வந்துரும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பார்வையே போயிருக்கும்."

திரும்பும்போது சுகுணா பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அவர் நவநீதனின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த கிரீஸ் கறைக் கைகள்.

சொல்ல வேண்டியதை மனசுக்குள் பலமுறை அடுக்கினார்.

சிக்னலில் வேன் நின்றது. வெயில் நேராக முகத்தில் அடித்தது. மேலே விளக்கு ஒன்று எரிவது தெரிந்தது. என்ன விளக்கென்று தெரியவில்லை.

"என்ன கலர் எரியுது மாப்ள?"

நவநீதன் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் சொன்னா நம்புவீங்களா மச்சான்?"

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அப்புறம் ஒரு லாரி. பக்கத்து பைக்குகள் எல்லாம் கடந்து போயின.

நவநீதன் கிளட்சிலிருந்து காலை எடுக்கவில்லை.

"சொல்லு மாப்ள" என்றார்.