ஒரு பிடி கூடுதலாக

தானே செய்யும் ஸ்பீக்கர் பெட்டிக்குள் அதிர்வை அடக்க, கண்ணாடி இழைப் பஞ்சைத் திணிக்கத்தான் கணவர் நினைத்திருந்தார். மனைவி விடவில்லை.

“அது அரிக்கும்ங்க. இயற்கையா எதுவும் கிடையாதா?”

“ஆட்டு ரோமம் இருக்கு.”

“மருந்து கிருந்து அடிச்சிருப்பாங்களா?”

“சேச்சே, சுத்தமா அலசினது. குழந்தை மேல பட்டாக்கூட ஒண்ணும் ஆகாது.”

“அப்போ அதையே வாங்குங்க. ஒரு பிடி கூடவே வாங்குங்க.”

“அடேங்கப்பா! உனக்கு இதுல இவ்வளவு அக்கறையா?”

அவர் பாட்டுப் போட்டாலே எழுந்து போய்விடுகிறவள் அவள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

பெட்டி தயாரானது. பாட்டு முடியும்வரை அவள் எதிரிலேயே உட்கார்ந்து புன்னகைத்தாள்.

“எப்படி இருக்கு?”

புன்னகைத்தாள்.

“உன்னைத்தான் கேக்கறேன்!”

அதே புன்னகை.

அருகில் போய்ப் பார்த்தார். கூடுதலாக வாங்கிய ரோமம் அவளுடைய இரண்டு காதுகளிலும் பத்திரமாக இருந்தது.