மறுநாள் பேப்பர்

குடிவந்த வீட்டின் சமையலறை அலமாரியைத் துடைக்கும்போது, அடுக்கில் விரித்திருந்த பழைய பேப்பரைப் பூங்கோதை உரித்தெடுத்தாள். எண்ணெய்க் கறைக்கு நடுவே கொட்டை எழுத்தில் ஒரு செய்தி: 'ஊருக்குள் சிறுத்தை, மறு அறிவிப்பு வரும்வரை யாரும் கதவைத் திறக்க வேண்டாம்.' கீழே இவர்கள் தெருவின் பெயர் இருந்தது.

"முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தின பேப்பர்," என்று அவள் கணவன் ஞானவேல் சிரித்தான். "அந்தச் சிறுத்தை செத்தே போயிருக்கும்."

"பிடிச்சாச்சுன்னு எங்கயாவது போட்டிருக்காங்களா?"

சிரித்துக்கொண்டே மற்ற அடுக்குகளையும் அவன் உரித்துப் பார்த்தான். எல்லாம் அதற்கு முந்தைய நாட்களின் பேப்பர். பிந்தைய தேதியில் ஒன்றுகூட இல்லை. வந்த மூன்று நாளில் இந்தத் தெருவில் ஒரு கதவும் திறந்து பார்த்ததில்லை என்பது இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

பூங்கோதை வீட்டு உரிமையாளருக்குப் போன் போட்டாள். "சார், அலமாரிப் பேப்பர்ல ஒரு சிறுத்தை விஷயம் பார்த்தோம். அப்புறம் அது என்ன ஆச்சு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மறுநாள் பேப்பர்ல போட்டிருப்பாங்கம்மா. ஆனா அன்னிக்குப் பேப்பர் போடுறவர் வரல. அதுக்கப்புறமும் வரல. கதவு சாத்தித்தானே இருக்கு?"

கழுவிய தரை காயட்டும் என்று ஞானவேல்தான் வாசல் கதவை அகலத் திறந்து வைத்திருந்தான். யார் போய்ச் சாத்துவது என்று கேட்டுக்கொள்ளாமல், இருவரும் சமையலறைக் கதவை உள்ளிருந்து தாழிட்டார்கள்.