விரல் படாத காசு

ராணியின் முகம் பதித்துக் காட்சிக்கென்றே அச்சடித்து, நூற்றைம்பது வருஷமாக ஒரு விரல்கூடப் படாத தங்கக் காசு ஒன்று விலைக்கு வந்தது. வாங்க வந்தவர் தன் பூதக்கண்ணாடியை அதன்மேல் பிடித்தார்.

“அடடா, ராணி கன்னத்தில் கீறல் இருக்கே! நீங்களே பாருங்க” என்றார்.

விற்பவர் குனிந்து அந்தக் கண்ணாடி வழியே பார்த்தார். கீறல் இருந்தது. விலை பாதியாக இறங்கியது.

காசு கண்ணாடியிடம் சீறியது. “அடப்பாவி, கீறல் உன்மேல்தானே இருக்கு! வாயைத் திறந்து சொல்லித் தொலையேன். என் மானம் போகுது.”

“எதுக்குக் கத்தறே? என் முதலாளிக்குத் தெரியாததா? பன்னிரண்டு வருஷமா என்னைப் பட்டுத்துணியில் சுத்தி வெச்சிருக்கார்” என்றது கண்ணாடி.

“அப்போ நான் கடைசிவரை கீறல் விழுந்த காசுதானா?”

“சேச்சே! வீட்டில் அவருக்கு வேற நல்ல கண்ணாடி இருக்கு. உன்னை விற்கும்போது அதைத்தான் எடுப்பார்.”