தேவாலயம் பார்க்க வந்தவள்

தோளில் ஆரஞ்சு நிற ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு, கிள்ளானில் நான் ஞானஸ்நானம் வாங்கிய தேவாலயத்துக்குள் சுற்றுலாப் பயணியாக நுழைந்தேன்.

ஸ்டிக்கரில் 'மிஸஸ் முகுந்தன்' என்று எழுதிக் கொடுத்ததே என் அக்கா செரீனாதான். எழுதும்போது அவள் தலையை நிமிர்த்தவில்லை.

சனிக்கிழமைகளில் பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி அவள். அது தெரிந்துதான் பெயர் கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா என்ற நப்பாசை.

மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பு ஓலை வாசித்து இங்கே நடந்திருக்க வேண்டிய கல்யாணத்தை, அம்மன் கோயிலில் தாலி கட்டி முடித்துக்கொண்டவள் நான். அன்று நின்றது அவள் பேச்சு. அம்மா சாவுக்கு நான் வந்தபோதுகூட வாயைத் திறக்கவில்லை. பிடிவாதத்தில் அப்பாவை உரித்து வைத்தவள்.

செரீனா மைக்கில் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே முன்னால் நடந்தாள். கூரிய வளைவுகள், வண்ணக் கண்ணாடி, கோத்திக் பாணி. வெள்ளைக்காரர்கள் அண்ணாந்து படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

எங்களுக்கு அந்த வயதில் கோத்திக்காவது ஒன்றாவது. எந்தத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஃபாதர் கண்ணில் படாமல் தூங்கலாம் என்பதுதான் தெரியும். நான் தூங்குவேன். செரீனா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு எனக்கும் சேர்த்துப் பாடுவாள்.

அந்தத் தூணைக் கடந்தபோது அதைத் தொட்டுப் பார்த்தேன். அவள் அதன் உயரத்தை மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

பீடத்துக்கு நேரே நடுப்பாதை வந்தது. எல்லோரும் சாதாரணமாகக் கடந்தார்கள். என் வலது முழங்கால் மட்டும் என்னைக் கேட்காமல் தரையில் மடங்கியது. சிலுவை போடக் கை தானாக நெற்றிக்குப் போய், பொட்டில் பட்டு நின்றது.

பின்னால் வந்த ஆஸ்திரேலியக்காரர் என்மேல் இடித்துக்கொண்டார். நீங்கள் கத்தோலிக்கரா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பொட்டில் நின்ற கையை இறக்கிக்கொண்டு எழுந்தேன்.

முன்னால் விளக்கம் பாதியில் நின்றது. செரீனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இவள் என் தங்கை என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். தேவாலயம் முழுவதும் கேட்டது.

"பூச எப்பவோ முடிஞ்சிருச்சி. இவ்ளோ நேரம் எங்கடி போன?"