நீலக் கோட்டு

கோட்டின் காலரைத் தொட்ட விரல்களைப் பெரியவர் கைக்குட்டையில் அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

மகனோடு சேர்த்து அந்த அறையில் தங்கியிருந்த ஐந்து பேருக்கும் பொதுவான நீலக் கோட்டு. பிசுபிசுத்தது.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனிடம் சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறி வந்திருந்தார். வந்து நின்ற இடம் ஒற்றை அறை. மூன்று இரண்டடுக்குக் கட்டில்கள். கொடியில் ஈர உள்ளாடைகள். மூடியில்லாத குப்பைக் கூடையின் விளிம்பில் சாவகாசமாக நடைபோடும் கரப்பான்.

ஒரு மூலை மட்டும் பளிச்சென்று இருந்தது. சிவப்பு சோபா. பின்னால் பிளாஸ்டிக் சூரியகாந்திப் பூக்கள்.

"வீட்டுக்கு வீடியோ பேசறதுன்னா கோட்ட மாட்டிட்டு அங்க உக்காருவோம்ப்பா. இடுப்புக்குக் கீழ லுங்கிதான், அத யார் பாக்கப் போறா?" மகன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"தூ! மானங்கெட்ட பொழப்பு" என்றார் பெரியவர்.

அந்தப் பூக்களை அவருக்கு முன்பே தெரியும். புறப்படுவதற்கு முன் மகன் ராப்பகலாகப் பார்த்த காணொளிகளில், அதே பூக்களுக்கு முன்னால், அதே கோட்டில் ஒருவன், "தைரியமா வாங்க தம்பிகளா" என்று கூப்பிடுவான்.

அந்த ஆள் இப்போது கீழ்க்கட்டிலில் கிழிந்த பனியனோடு வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

இந்த மூலையிலிருந்து மகன் அனுப்பிய படங்களை எல்லாம் உறவுக்காரர்களின் குழுவில் போட்டு, தலை நிமிர்ந்து நடந்தவர் பெரியவர்.

கைப்பேசி அடித்தது. தம்பி. வீடியோ அழைப்பு.

தம்பியின் மகன் வேலையை விட்டுவிட்டுப் பெட்டி கட்டி வைத்திருந்தான். பெரியப்பா நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிளம்பிவிடுவான்.

"உண்மையச் சொல்லிடுங்கப்பா" என்றான் மகன். "அவனாவது தப்பிக்கட்டும்."

எடுப்பதற்கு முன்பே திரையில் பெரியவரின் முகம் தெரிந்தது. அதற்குப் பின்னால் கொடியும் உள்ளாடைகளும்.

கைப்பேசி விடாமல் அடித்தது.

பெரியவர் கோட்டை மாட்டிக்கொண்டார். யாருடைய வியர்வையோ கழுத்தில் ஒட்டியது. சோபாவில் முதுகு வளையாமல் உட்கார்ந்து அழைப்பை எடுத்தார்.

"நேர்லயே வந்து பாத்துட்டேன்டா. ராஜா மாதிரி இருக்கான். உன் பயல உடனே அனுப்பி வை, இடம் தாராளமா இருக்கு."

சொல்லும்போது அவர் கண், கழிவறைக் கதவை ஒட்டிய மேல்கட்டிலில் இருந்தது. அது ஒன்றுதான் காலி.